உஷார்! ஆறு தசமம் போட்டிருப்பதாலேயே அது உங்கள் எல்லை ஆகிவிடாது

பத்திரம் பதிய நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். செயற்கைக்கோள் படத்தின் மேல் மஞ்சள் கோடு போட்டு உங்கள் மனை. நான்கு மூலையிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம். "சார், டிஜிபிஎஸ் வச்சு அளந்தாச்சு, ஒரு இஞ்ச் மாறாது" என்று புரோக்கரின் குரல் பதிவும் கூடவே வரும். இந்த இடத்தில்தான் நீங்கள் உஷாராக வேண்டும்.

ஆறாவது இலக்கம் என்பது தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். அத்தனை நுணுக்கமாக அளந்ததாகச் சொல்லும் படத்தில், எதிலிருந்து அளந்தார்கள் என்பது மட்டும் இருக்காது. பேஸ் எங்கே வைத்தார்கள், எந்த டேட்டம், என்றைக்கு அளந்தது, மூல ஆவணத்தில் இருந்த எண் லிங்க்ஸா மீட்டரா, எதுவும் இருக்காது. அந்த எண்ணை நம்பி நீங்கள் காம்பவுண்டுச் சுவர் எழுப்புவீர்கள். பக்கத்து மனைக்காரர் வேறொரு சர்வேயரைக் கூட்டி வருவார். அவரும் ஆறு இலக்கம் போட்ட இன்னொரு படத்தை நீட்டுவார். இரண்டுக்கும் இடையில் இரண்டு மீட்டர் இடிக்கும். இதில் வேடிக்கை, இரண்டு சர்வேயரும் நேர்மையாகவே அளந்திருக்கலாம்.

எப்படி என்று பாருங்கள். டிஜிபிஎஸ் என்று ஊரில் சொல்லும் சர்வேயில் கருவி இரண்டு. ஒன்று பேஸ், முக்காலியில் ஒரே இடத்தில் நிற்கும். மற்றது ரோவர், கம்பில் மாட்டி மூலை மூலையாக எடுத்துப் போவார்கள். பேஸிலிருந்து தான் எவ்வளவு தள்ளி இருக்கிறேன் என்பதைத்தான் ரோவர் சொல்கிறது. அதில் பிசகுவது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். புரோக்கர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் பேஸ் நிற்கும் இடம் எது என்று யார் சொன்னது? முறைப்படி செய்வதென்றால், ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியோடு அதைக் கட்ட வேண்டும். இதற்காகவே சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர நிலையங்களை நிறுவி, திருத்தத் தகவலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அவசர வேலையில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. பேஸை நட்டு, ஆன் செய்து, அது தானாகக் கண்டுபிடித்த இடத்தையே சரியென்று வைத்துக்கொண்டு அளக்க ஆரம்பிக்கிறார்கள். அப்படிக் கண்டுபிடித்த இடம் சில மீட்டர் தள்ளிப் போயிருக்கும். பேஸ் எவ்வளவு தள்ளிப் போனதோ, உங்கள் நாலு மூலையும் கூண்டோடு அவ்வளவு தள்ளிப் போகும். டேப் பிடித்துப் பார்த்தால் நீள அகலம் அச்சு அசலாக இருக்கும். மனை இருக்கும் இடம்தான் தப்பு.

இன்னொன்று. ரோவரின் திரையில் 'ஃபிக்ஸ்' அல்லது 'ஃப்ளோட்' என்று ஒரு வார்த்தை ஓடிக்கொண்டிருக்கும். ஃபிக்ஸ் வந்தால்தான் சென்டிமீட்டர் கணக்கு. தென்னந்தோப்புக்குள்ளோ, இரண்டு மாடி வீடுகளுக்கு நடுச் சந்திலோ நின்றால் ஃப்ளோட்டிலேயே தொங்கும்; பிசகு அடிக்கணக்கில் போகலாம். ரோவரைப் பிடிக்கும் பையன் அதைப் பார்க்காமல் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டால், அந்தப் புள்ளிக்கும் படத்தில் ஆறு இலக்கம் விழும். எந்த மூலை ஃபிக்ஸ், எந்த மூலை ஃப்ளோட் என்பதைப் படம் சொல்லாது.

கைபேசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. திறந்த வெளியில் நல்ல கைபேசிகூட 5 மீட்டர் ஆரத்துக்குள்தான் இடத்தைச் சொல்லும். முப்பதுக்கு நாற்பது மனையின் அகலமே 9 மீட்டர் சொச்சம். நீலப் புள்ளியை வைத்துக்கொண்டு வேலிக்கல் நடுகிறவர்கள் இருக்கிறார்கள்!

சரி, எலெக்ட்ரானிக் சமாச்சாரமே வேண்டாம், புலப்படமே போதும் என்பவர்களும் ஆசுவாசப்பட வேண்டாம். பழைய புலப்படத்தின் நகல் ஒன்றைக் கையில் எடுங்கள். நடுவில் விட்டு விட்டுப் போட்ட ஜி-லைன் என்ற அளவைக் கோடு. அதன்மேல் ஏணிப்படி மாதிரி ஆஃப்செட்டுகள். சுற்றிலும் எல்லைக் கோடு, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 150 என்று ஒரு எண். 150 என்ன? பழைய படம் என்றால் பெரும்பாலும் லிங்க்ஸ். 66 அடி கன்டர் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க்; ஆக 150 லிங்க்ஸ் என்பது 99 அடி. புதிய படம் என்றால் 150 மீட்டர், அதாவது 492 அடி. அடி என்றே எடுத்துக்கொண்டு அளக்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. படத்தின் ஓரம் கிழிந்தோ, நகலில் அளவுக் குறிப்பு விழாமலோ இருந்தால் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். இதைச் சரிபார்க்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. ஒரு லட்சம் சதுர லிங்க்ஸ் ஒரு ஏக்கர். எனவே 500-க்கு 200 என்று போட்ட புலம் பதிவேட்டில் ஒரு ஏக்கர் என்றிருந்தால் அது லிங்க்ஸ்தான், சந்தேகமே வேண்டாம்.

பட்டாவிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. விஸ்தீரணம் 0 - 40.50 என்றிருக்கும். "நாற்பது சென்ட்டுதானே" என்று விற்கிறவர்களையும், அதைக் கேட்டுக்கொண்டு கமுக்கமாக வாங்குகிறவர்களையும் சந்தையில் பார்க்கலாம். அது சென்ட் அல்ல, ஏர்ஸ். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். 40.50 ஏர்ஸ் என்றால் முழுசாக ஒரு ஏக்கர். வெளியூரில் இருந்துகொண்டு அப்பா காலத்து நிலத்தை விற்கும் பிள்ளைகள் இந்த ஒரு வரியை நன்றாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

குழிக் கணக்கு இன்னும் மோசம். தஞ்சாவூர்ப் பக்கம் குழி என்றால் 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. புதுச்சேரிப் பக்கம் குழி என்றால் 576 சதுர அடி; நூறு குழி ஒரு காணி. ஒரே பேர், நாலு மடங்கு வித்தியாசம். இது இன்றைய குழப்பமும் அல்ல. சோழர் காலத்திலேயே பதினாறு சாண் கோல், பதினெட்டு சாண் கோல் என்று ஊருக்கு ஒரு கோல் இருந்தது. அதனால்தான் ராஜராஜன் ஆட்சியில் நாட்டை அளந்தபோது உலகளந்த கோல் என்று ஒன்றை வைத்தார்கள். கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாக வெட்டி வைக்கிற வழக்கமும் இருந்தது. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தன் கோலைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பொதுத் தரநிலை என்று கூட்டம் போட்டு இன்று பேசுவது இதைத்தான்.

பிரிட்டிஷ்காரர்களும் அளவு விஷயத்தில் கண்டிப்பாகவே இருந்தார்கள். 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து அடிக்கோடு அளந்தபோது, வெயிலில் எஃகுச் சங்கிலி எவ்வளவு நீளுகிறது என்பதைக்கூட வெப்பமானி வைத்துக் குறித்துக் கணக்கில் சேர்த்தார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய நோட்டில் சங்கிலியின் சூடு இருக்கிறது. இன்றைய பிடிஎஃப்பில் டேட்டத்தின் பெயர் இல்லை.

டேட்டம் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பூமி சரியான உருண்டை அல்ல. அதை எந்த வடிவமாக வைத்துக்கொண்டு, எங்கே பொருத்திக் கணக்குப் போடுகிறோம் என்பதுதான் டேட்டம். லாம்டன் தொடங்கிய அளவைக்கு ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த வடிவம் அடிப்படையானது. பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்கள் அதில்தான் இருக்கின்றன. கைபேசியும் ஜிபிஎஸ்ஸும் பேசுவது டபிள்யூஜிஎஸ்-84. 2005 வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கான வரைபட வரிசையும் அதற்கு மாறியது. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டிலும் குறித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் புள்ளி சுமார் 200 மீட்டர் தள்ளி விழும். பழைய டோப்போ ஷீட்டில் இருந்து ஏரிக்கரையின் ஆயத்தொலைவை எடுத்து அப்படியே கூகுள் மேப்பில் போட்டால் ஏரி பக்கத்துத் தெருவுக்கு வந்துவிடும். ஏரிப் புறம்போக்கு எது, பட்டா நிலம் எது என்று வழக்கு நடக்கிற ஊர்களில் இது விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல.

பெரிய பிழைகளால் அவ்வளவு ஆபத்தில்லை. சென்னையின் 13.08, 80.27 என்ற எண்களை முன்பின்னாக மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும், எவனுக்கும் தெரிந்துவிடும். இந்த மாற்றல் அடிக்கடி நடக்கக் காரணமும் உண்டு. கூகுள் மேப்பில் அட்சரேகை முதலில். ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில். அதது அதன் தரநிலைப்படி சரி. பயப்பட வேண்டியது இரண்டு மீட்டர், நாலு அடி என்று வரும் பிழைகளுக்குத்தான். பார்வைக்குத் தெரியாது, சுவர் எழுப்பிய பின்தான் தெரியும். அமெரிக்காவில் சர்வே அடி, சர்வதேச அடி என்று இரண்டு அடி வழக்கத்தில் இருந்தன. பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். ஆனால் ஆயத்தொலைவு இருபது லட்சம் அடி என்று போகும்போது அது 4 அடி ஆகிவிடுகிறது. சலித்துப்போய் 2022 கடைசியோடு சர்வே அடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

உயரத்துக்கு வருவோம். மனை எல்லையில் போனால் பணம் போகும். உயரத்தில் போனால் வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதியில் லாஃபன்பர்க் என்ற ஊர். 2003-ல் இரு கரையிலிருந்தும் பாலம் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜெர்மனியின் உயரக் கணக்குக்கு ஆதாரம் ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டம். சுவிட்சர்லாந்துக்கு மார்செய் கடல்மட்டம். இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது இரு தரப்பு இன்ஜினியர்களுக்கும் தெரியும். கணக்கிலும் சேர்த்தார்கள், குறியை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். விளைவு, வித்தியாசம் 54 சென்டிமீட்டராகி, ஒரு கரையில் திருத்த வேலை செய்ய வேண்டியதாயிற்று. அளவையில் பேர்போன இரண்டு நாடுகள், தெரிந்த வித்தியாசம், அப்படியும் இந்தக் கதி. வித்தியாசம் இருப்பதே தெரியாமல் வேலை நடக்கும் இடங்களை யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கம் இது 27 சென்டிமீட்டரோடு நிற்காது. ஜிபிஎஸ் கருவி சொல்லும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல. மேலே சொன்ன கணித வடிவத்தின் பரப்பிலிருந்து. உலகிலேயே இந்த இரண்டுக்கும் இடையில் பள்ளம் மிக ஆழமாக இருப்பது இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 106 மீட்டர். அதன் ஓரத்தில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் நம் கடற்கரையில் ரோவரைப் பிடித்தால் உயரம் மைனஸ் எண்பதுக்கும் கீழே காட்டும். பழகின சர்வேயர் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வார். ஆனால் மாற்றுவதற்கு எந்த மாதிரியைப் பயன்படுத்தினார் என்பதைப் பொறுத்து விடை மாறும். உலகப் பொது மாதிரி ஒன்று சொல்லும், உள்ளூர் பெஞ்ச்மார்க் இன்னொன்று சொல்லும். இந்தியாவின் கடல்மட்ட ஆதாரம் சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களின் அலை அளவுகளை வைத்து 1909-ல் நிர்ணயித்தது. பெஞ்ச்மார்க் கல்லில் பொறித்த உயரம் அந்தக் கணக்கு.

இத்தனைக்கும் மேலே சைட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெஞ்ச்மார்க்கைத் தேடிப் போக நேரமில்லை என்று, பக்கத்துப் பாலத்துக் கைப்பிடிச் சுவர் மூலையில் பெயின்ட் அடித்து, 'டிபிஎம் 100.000' என்று எழுதிவிடுவார்கள்; டிபிஎம் என்றால் தற்காலிக பெஞ்ச்மார்க். அந்த வேலைக்கு மட்டும் என்றால் தப்பில்லை. ஆனால் மழைநீர் வடிகாலில் இந்தத் தெரு ஒரு கான்ட்ராக்டர், அடுத்த தெரு இன்னொரு கான்ட்ராக்டர். இவருக்கு ஒரு 100.000, அவருக்கு வேறொரு 100.000. இரண்டையும் சேர்த்துக் கட்டாமல் விட்டால், தனித்தனியாகப் பார்க்கும்போது வாட்டம் சரியாகவே இருக்கும்; சேரும் இடத்தில் தண்ணீர் எதிர்த்து நிற்கும். உங்கள் தெருவில் வடிகால் தோண்டினால் லெவல் எடுக்கும் ஆளிடம் "தம்பி, டிபிஎம் எங்கேருந்து கொண்டு வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பட்டென்று வந்தால் நிம்மதி.

தேதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாம் நிற்கும் கண்டத்தட்டே வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவில் வடகிழக்காக நகர்கிறது. பக்கத்து வீடும் கூடவே நகர்வதால் இன்றைக்குச் சண்டை இல்லை. இருபது வருஷத்துக்கு முன் எடுத்த ஆயத்தொலைவையும் இன்று எடுத்ததையும் தேதி போடாமல் கலந்தால்தான் ஒரு மீட்டர் இடிக்கும். ஆஸ்திரேலியா அதைவிட வேகமாக ஓடுகிறது. கணக்கு 1.8 மீட்டர் வரை பிசகி, தேசத்தின் ஆயத்தொலைவு முழுவதையும் 2020 என்று ஆண்டு போட்டு மாற்றிவிட்டார்கள்.

இதெல்லாம் காலகாலமாக இருக்கிற கோளாறுதானே, இப்போது என்ன தலைபோகிற அவசரம் என்று கேட்கலாம். அவசரம் இருக்கிறது.

காகிதம் வேகமாக ஆயத்தொலைவாக மாறிக்கொண்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் வரைபட விதிகளைத் தளர்த்தினார்கள். இந்தியர் யாரும் முன் அனுமதியின்றி அளக்கலாம், வரையலாம். நல்ல முடிவுதான். ஆனால் கருவி வாங்கியவரெல்லாம் சர்வேயர் ஆகிவிட்டார்கள். கிராமங்களில் ட்ரோன் பறந்தது. 2025 பிப்ரவரியில் நகர நிலங்களை அளக்கும் நக்ஷா திட்டம் 152 நகரங்களில் தொடங்கியது. ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் மூலைகளின் ஆயத்தொலைவை வைத்தே 14 இலக்க அடையாளக் குறியீடு தருகிறார்கள், 'பூ-ஆதார்' என்கிறார்கள். ஆக, மூலை தப்பென்றால் அந்தத் தப்புக்கே அரசு முத்திரை கிடைத்துவிடும்.

அந்த மூலைகள் எங்கிருந்து வருகின்றன? பல இடங்களில் பழைய புலப்படத்திலிருந்துதான். புலப்படத்தை அந்தந்தச் சர்வே எண்ணுக்குத் தனித்தனியாக அளந்து வரைந்தார்கள். அதில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. அந்தப் புலத்துக்குள்ளே முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து எடுத்த நீளங்கள் மட்டும்தான். புல எண் 42-ன் கிழக்கு எல்லையும் 43-ன் மேற்கு எல்லையும் ஒரே வரப்பு. ஆனால் இரண்டு படத்திலும் அதன் நீளம் ஒன்றாக இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. தனித்தனிப் படமாக இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. கணினியில் எல்லாவற்றையும் ஒட்டி ஊர்ப்படமாக்கும்போது ஒரு பக்கம் சந்து விழுகிறது, ஒரு பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. ஒட்டுகிறவர் இழுத்துச் சரிசெய்தாக வேண்டும். யார் பக்கம் இழுத்தார் என்பது எந்தக் கோப்பிலாவது இருக்கிறதா? இருந்தாக வேண்டும் என்பதுதான் தரநிலை. அளவின் மூலம், முறை, துல்லியம், தேதி ஆகியவற்றைத் தரவோடு சேர்த்தே எழுதி வைக்க வேண்டும் என்று சர்வதேசத் தரநிலைகள் எப்போதோ வந்துவிட்டன. நில நிர்வாகத்துக்கென்றே 2012-ல் ஐஎஸ்ஓ 19152 வந்தது. தரநிலைக்குப் பஞ்சமில்லை, எழுதுகிற கைதான் சோம்பல் படுகிறது. பொதுஜனம் கேட்பதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கேளுங்கள். சர்வேயருக்கு முன்பணம் கொடுக்கும்போதே, படத்தின் அடியில் டேட்டம், அலகு, பேஸ் வைத்த இடம், எந்த நிலையத்தோடு கட்டியது, தேதி எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும் என்று பேசிவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் போதாது. கருவியிலிருந்து இறக்கிய மூலக் கோப்பும் வேண்டும். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்பார். புரிய வேண்டாம், நாளைக்கு இன்னொரு சர்வேயருக்குப் புரிந்தால் போதும். ஊரில் அசையாமல் நிற்கும் முச்சந்திக் கல் ஒன்றையாவது சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். அதை வைத்து யாரும் எப்போதும் சரிபார்க்கலாம். பத்திரத்தில் ஆயத்தொலைவு எழுதுவதானால் எழுதுங்கள், ஆனால் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, விட்டுவிடாதீர்கள். எல்லை தெளிவாக எழுதியிருந்தால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் விஸ்தீரண எண்ணைவிட அதைத்தான் பார்க்கின்றன. செயலியில் தெரியும் கோட்டை வைத்து மட்டும் கல்லைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. எல்லை காட்ட வேண்டுமென்றால் எஃப்-லைன் மனு போட்டு, அரசு நில அளவரை வரவழையுங்கள்.

எல்லாவற்றையும்விட, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஊரில் மறு அளவை, ட்ரோன் சர்வே என்று நோட்டீஸ் வந்தால், "சித்தப்பா பார்த்துக்குவார்" என்று விட்டுவிடாதீர்கள். வரைவுப் படத்தை வாங்கிப் பார்த்து, ஆட்சேபம் இருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். 1923-ம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி, அளவை முடிந்தது என்று அறிவிக்கை வெளியாகிவிட்டால் அதில் குறித்த எல்லைதான் எல்லை. அதற்கப்புறம் அதை மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கும் கெடு உண்டு.